ஆரஞ்சு வில்லைக்குள் ஒரு கண்ணாடி

கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக ஆரஞ்சுப் பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி, ஓவனில் உலர்த்தி, நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்ட வாசகி ஒருவர் கேட்கிறார்: “முதல் வாரம் வெளிச்சம் ஊடுருவி அவ்வளவு அழகாக இருந்தது, ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. இரண்டு நாள் மழை பெய்ததும் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நான் சரியாகக் காயவைக்கவில்லையா?”

சரியாகத்தான் காயவைத்திருக்கிறார். ஒட்டுவதற்குக் காரணம் வேறு.

உலர்த்துவது எளிது. ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, ஈரத்தை ஒற்றி எடுத்து, 90 முதல் 100 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம், அவ்வப்போது திருப்பிப் போட்டு வைத்தால் போதும். கனம் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நடுவிலுள்ள நீர் மெல்ல ஊர்ந்துதான் மேற்பரப்புக்கு வரவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வில்லை பழுப்பாகிவிடும்.

ஆரஞ்சின் எடையில் சுமார் 87 சதவீதம் நீர். அது போனபின் மிஞ்சுவதில் பெரும்பங்கு சர்க்கரை: ஏறக்குறைய பாதி சுக்ரோஸ், மீதி குளுக்கோஸும் பிரக்டோஸும். கூடவே சிட்ரிக் அமிலம், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின், செல் சுவரின் நார். சர்க்கரைக் கரைசலில் நீர் வற்றினால் படிகம் உருவாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் வில்லையின் மேல் கற்கண்டுதானே பூத்திருக்க வேண்டும்? ஏன் பூக்கவில்லை?

படிகமாக வேண்டுமானால் ஒரே மாதிரி மூலக்கூறுகள் வரிசையாக வந்து அடுக்கிக்கொள்ள வேண்டும். இங்கே மூன்று வகைச் சர்க்கரையும் அமிலமும் ஒன்றுக்கொன்று வழிமறித்து நிற்கின்றன. நீர் குறையக் குறையச் சாறு பாகாகி, பாகு இறுகி, கடைசியில் மூலக்கூறுகள் நகரவே முடியாமல் நின்ற இடத்திலேயே உறைந்துபோகின்றன. வரிசை இல்லை, ஆனால் திடம். இதற்கு இயற்பியலில் கண்ணாடி நிலை என்று பெயர். இந்த நிலையை எட்டும்போது அதன் பிசுக்குமை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, தேனைப் போலச் சுமார் பத்தாயிரம் கோடி மடங்கு இருக்கும்! ஜன்னல் கண்ணாடியும் உங்கள் ஆரஞ்சு வில்லையும் இந்த வகையில் உறவினர்கள்.

ஒளி ஊடுருவுவதும் இதனால்தான். உள்ளே படிக விளிம்புகள் குறைவு, காற்றுக் குமிழிகளும் குறைவு. அதனால் ஒளி அதிகம் சிதறாமல் கரோட்டினாய்டு நிறமிகளின் வழியாகச் சிவந்து வெளிவருகிறது. ஆப்பிளை இதேபோல உலர்த்திப் பாருங்கள், ஒளி புகாது. அதன் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் காற்று நிறைந்திருக்கிறது.

ஒவ்வொரு சர்க்கரைக் கண்ணாடிக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடி, மேலே பாகு. ஈரமே இல்லாத சுக்ரோஸுக்கு அது 60 டிகிரிக்குச் சற்று மேலே, குளுக்கோஸுக்குச் சுமார் 30, பிரக்டோஸுக்கு 10-க்கும் கீழே. எல்லாம் கலந்த ஆரஞ்சுக்கு இந்த எல்லை அறை வெப்பநிலையை ஒட்டியே விழுகிறது. அதில் சிறிதளவு நீர் சேர்ந்தாலும் எல்லை மளமளவென்று இறங்கிவிடும், ஏனென்றால் குட்டி நீர் மூலக்கூறுகள் சர்க்கரைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நகரவிடுகின்றன. பிரக்டோஸோ காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதில் பேராசைக்காரர். மழை நாளில் வாசகியின் ஜன்னலில் நடந்தது இதுதான். வில்லை கெட்டுப்போகவில்லை, கண்ணாடி மீண்டும் பாகாகிவிட்டது.

பழம் காய்வதை ஆராய ஆய்வு நிதி எதற்கு என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உறைய வைத்து உலர்த்திய பல தடுப்பூசிகளைப் பத்திரமாகக் காப்பது இதே சர்க்கரைக் கண்ணாடிதான். வறண்ட உப்பு ஏரிக்கரையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும் உப்புநீர் இறாலின் முட்டைக்குள்ளும் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை நிரம்பியிருக்கிறது. இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தாராளமாகவே பணம் ஒதுக்க வேண்டும்.

ஒட்டும் வில்லைகளைத் தூக்கிப்போட வேண்டாம். பூஞ்சை பிடிக்காதவரை, மறுபடி 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். ஓவனிலிருந்து எடுத்தவுடன் அழுத்திப் பார்த்து, “இன்னும் மெதுவாக இருக்கிறதே” என்று திரும்ப உள்ளே தள்ளிக் கருக்கிவிடாதீர்கள். அந்தச் சூட்டில் அது மெதுவாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் வெளியே எடுத்து முழுவதும் ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் மற்றவற்றையும் எடுத்து ஆறவைத்து, தொங்கவிடும் நாள்வரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.