எஃபெக்டர்: தமிழில் ‘ஏவல்’

எஃபெக்டர் என்பது நோய்க்கிருமி செடிக்குள் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளச் சுரந்து அனுப்பும் பொருள். பெரும்பாலும் சிறு புரதமாக இருக்கும். செடியின் காவலை மழுங்கடிப்பது, சத்தைத் தன் பக்கம் திருப்புவது, சில சமயம் செடி வளரும் விதத்தையே தனக்கு வசதியாக மாற்றிக்கொள்வது ஆகியவை இதன் வேலைகள். பயிர்நோயியல் பாடத்திலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இன்று இந்தச் சொல் இல்லாத பக்கம் குறைவு. தமிழில் எழுதும்போது மட்டும் ‘எஃபெக்டர் புரதம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மூலம் லத்தீன். ‘எஃபிகெரே’ என்றால் செய்து முடித்தல். அதிலிருந்து வந்த ‘எஃபெக்டர்’ செய்து முடிப்பவரைக் குறிக்கும். ஆங்கிலத்தில் உடலியங்கியல்காரர்கள் இதை எடுத்து, நரம்பின் கட்டளைப்படி இயங்கும் தசைக்கும் சுரப்பிக்கும் பெயராக வைத்தார்கள். பிறகு நொதியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மூலக்கூறுகளுக்கும் அதுவே பெயரானது. பயிர்நோயியலுக்கு வந்து சேர்ந்தது கடைசியில்தான். முதலில் பாக்டீரியா ஆய்வுகளில் நுழைந்து, அங்கிருந்து பூஞ்சைகளுக்குத் தாவியது.

மொழிபெயர்க்க உட்காருபவர் கைக்கு முதலில் சிக்குவது ‘செயலி’, இல்லையென்றால் ‘விளைவி’. செயலியைக் கைப்பேசிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், இனி திரும்பக் கிடைக்காது. விளைவி இலக்கணப்படி சரிதான். ஆனால் வேளாண்மைக் கட்டுரையில் அதைப் போட்டால், மகசூல் கூட்டும் உரம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. யாரோ அனுப்பி, யாருக்குள்ளோ போய் வேலை செய்யும் பொருள் இது என்பதை அந்தச் சொல் காட்டவே இல்லை.

நான் சொல்லும் சொல் ‘ஏவல்’. ஏவு என்றால் ஒன்றைச் செய்யும்படி அனுப்பு, தூண்டு. ஏவலாள், இலக்கணத்தில் வரும் ஏவல் வினை, நேற்று வந்த ஏவுகணை எல்லாம் இந்த வேரில் முளைத்தவைதான். மதுரைப் பக்கம் ஏவல் என்றதும் பில்லி, சூனியம் என்று பட்டியல் நீளும். பாண்டி கோயிலுக்குப் போய்விட்டு வரச் சொல்லவும் ஆள் இருக்கும். அறிவியலில் இந்த வாடை எதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஏவுகணையைக் கேட்டு யாரும் எலுமிச்சம்பழம் தேடுவதில்லை. தவிர, அந்த நம்பிக்கையிலேயே ஒரு கூறு நமக்கு வாகாக இருக்கிறது. ஏவல் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் போய், அங்கிருப்பவர்களைக் கொண்டே காரியம் நடத்தும். எதிராளி சுதாரித்துவிட்டால் ஏவினவர் பக்கமே திரும்பும். இந்தக் கடைசிப் பகுதிக்கு அப்புறம் வருகிறேன்.

மக்காச்சோளத்தில் ஏவல் எப்படி வேலை செய்கிறது என்பது, அதன் கரிப்பூட்டைப் பூஞ்சையான யூஸ்டிலாகோ மேய்டிஸில்தான் மிக விரிவாகத் தெரியவந்திருக்கிறது. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டவர்களுக்குக் கரிப்பூட்டை பழகிய பெயர். அது இந்தப் பூஞ்சைக்கு உறவுக்காரப் பூஞ்சை. மக்காச்சோளத்தில் வருவது கதிரிலும் தட்டையிலும் இலையிலும் வெளிறிய கழலைகளை உண்டாக்கி, அவற்றுக்குள் கரித்தூள் போன்ற வித்துகளை நிரப்பும். மெக்சிகோவில் இளங்கழலையைச் சமைத்து விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பேரையூர், டி.கல்லுப்பட்டி கரிசலில் மானாவாரியாகப் போடும் மக்காச்சோளத்துக்கு வரும் தொல்லைகள் வேறு: இலைக்கருகல், அடிச்சாம்பல், கதிர் பிடிக்கிற நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் தண்டைக் கரியாக்கும் கரிக்கோல் அழுகல். இதில் அடிச்சாம்பலை உண்டாக்குவது உண்மையான பூஞ்சைகூட இல்லை, பூஞ்சை போலத் தோற்றம் காட்டும் வேறொரு குலம்.

சரி, கரிப்பூட்டைக்கு வருவோம். பூஞ்சையின் உடற்சுவரில் கைட்டின் இருக்கிறது. செடியில் அது கிடையாது. ஆகவே கைட்டின் துணுக்கு தட்டுப்பட்டதுமே வந்திருப்பது அந்நியன் என்று செடியின் உணரிகள் கண்டுகொள்ளும். உடனே அந்த இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கும். பெராக்சிடேஸ் நொதிகள் அதை வைத்துச் செடியின் உயிரணுச் சுவரை இறுக்கும். இந்த இடத்தில்தான் பூஞ்சை தன் முதல் ஏவலை விடுகிறது. பெப்1 என்ற அந்தப் புரதம் பெராக்சிடேஸைப் பிடித்து முடக்கிவிடுகிறது. பெப்1 இல்லாத பூஞ்சையைச் சோதனையில் விட்டால் வாசலோடு நின்றுபோகிறது, மேல்தோல் அணுவைத் தாண்டுவதில்லை. அடுத்தது பிட்2. செடி அணுக்களின் இடைவெளியில் புரதம் அரிக்கும் நொதிகளை நிறுத்தி வைத்திருக்கும். பிட்2 அவற்றின் வாயை அடைக்கிறது.

இந்த இரண்டும் அணுவுக்கு வெளியே நின்று வேலை பார்ப்பவை. சிஎம்யு1 அணுவுக்குள்ளேயே புகுந்துவிடும். ஆபத்து வந்தால் செடி சாலிசிலிக் அமிலம் செய்து காவலை முடுக்கும். அதற்கான மூலப்பொருளை சிஎம்யு1 வேறு பாதைக்குத் திருப்பிவிடுவதால் அமிலம் குறைந்துபோகிறது. 2011இல் இது வெளியானபோது நான் வியந்தது ஒரு விஷயத்துக்கு: எதையும் உடைக்காமல், செடியின் சரக்கை வைத்தே செடியைக் கட்டிப்போட்டிருக்கிறது. செடியும் சும்மா இல்லை. கிவெல்லின் என்ற புரதக் குடும்பத்தில் ஒன்று சிஎம்யு1-ஐ இறுகப் பற்றி வேலை செய்யவிடாமல் நிறுத்துகிறது என்று 2019இல் காட்டினார்கள். கிவிப் பழத்தில் முதலில் கிடைத்ததால் வந்த பெயர் அது. டின்2 என்று இன்னொன்று, செடியில் ஊதா நிறமியை ஏற்றிவிடுகிறது. அந்த நிறமிக்குப் போகும் சரக்கு, தண்டைக் கட்டையாக்கும் லிக்னினுக்குப் போயிருக்க வேண்டியது. லிக்னின் கூடினால் பூஞ்சைக்கு வழி அடைபடும் என்பதால் இந்தத் திருப்பம் என்று விளக்குகிறார்கள்.

‘ஏவற்புரதம்’ என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். புரதம் என்று கட்டிவிட்டால் சில முக்கியமானவை வெளியே நின்றுவிடும். மக்காச்சோளத்தைத் தாக்கும் காக்லியோபோலஸ் கார்போனம் அனுப்பும் ஹெச்சி நச்சு, நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு வளையம். அதைப் புரதம் என்பதற்கில்லை. அந்த நச்சைச் சிதைக்கும் நொதியைத் தருவது எச்எம்1 மரபணு. 1992இல் அதைப் பிரித்தெடுத்தபோது, உலகில் அப்படித் தனியாக எடுக்கப்பட்ட முதல் பயிர்நோய் எதிர்ப்பு மரபணு அதுதான். நச்சுகளை எஃபெக்டர் கணக்கில் சேர்க்கலாமா என்று துறைக்குள்ளேயே இரு பக்கம் உண்டு. நான் சேர்க்கும் பக்கம். ஆகவே பொதுப்பெயர் ஏவல் அல்லது ஏவற்பொருள். புரதம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் ஏவற்புரதம். அணுவுக்கு வெளியே நிற்பதைப் புற ஏவல் என்றும், உள்ளே புகுவதை அக ஏவல் என்றும் பிரித்துச் சொல்ல அகம், புறம் நமக்குப் புதிதல்ல.

இப்போது அந்தத் திரும்பும் ஏவல். 1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளி விதைப் பயிரின் துரு நோயை ஆராய்ந்த ஹெரால்ட் ஃப்ளோர் ஒரு கணக்கைக் கண்டார்: பயிரில் உள்ள ஓர் எதிர்ப்பு மரபணுவுக்கு ஈடாகப் பூஞ்சையில் ஒரு மரபணு இருக்கிறது, இரண்டும் சந்தித்தால் நோய் பிடிப்பதில்லை. தனக்கே கேடான மரபணுவைப் பூஞ்சை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. ஏவல் என்று பார்த்தால் புதிர் அவிழும். தாக்குவதற்காக அனுப்பிய பொருளையே அடையாளம் காணும் உணரி செடிக்கு வாய்த்துவிட்டால், அந்த இடத்து அணுக்கள் தாமே மாண்டு பூஞ்சையைப் பட்டினி போடும். இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும் புரதங்களை ஆங்கிலத்தில் ‘ஏவிருலன்ஸ்’ புரதம் என்கிறார்கள். ‘வீரியமற்ற புரதம்’ என்று பெயர்த்தால் அர்த்தம் தலைகீழாகும். ‘திரும்பேவல்’ எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

நாலு வருடம் நன்றாக நின்ற வீரிய ஒட்டு ரகம் ஐந்தாம் வருடம் நோய் வாங்கினால், விதை கலப்படம் என்று மருந்துக்கடையில் சண்டை நடக்கும். கலப்படமும் இருக்கலாம்தான். ஆனால் எதிர்ப்பு ஒரே மரபணுவில் நின்ற ரகமாக இருந்தால், உணரிக்குப் பிடிபட்ட ஏவலைப் பூஞ்சை உருமாற்றிக்கொண்டிருக்கலாம், அல்லது அடியோடு விட்டுவிட்டிருக்கலாம். செடியின் உணரி அப்படியேதான் இருக்கும், அது பார்க்க வேண்டிய பொருள் வராது. பயிர்ப்பெருக்கம் செய்பவர்கள் இதை ‘எதிர்ப்பு உடைந்தது’ என்கிறார்கள்.