74-ஐ 21 என்று வாசித்த கண்

பக்கத்துத் தெருப் பையன் ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (எஞ்சின் ஓட்டுநரின் துணையாள்) வேலைக்கு மூன்று ஆண்டுகள் படித்தான். எழுத்துத் தேர்வு, உளத்திறன் தேர்வு இரண்டையும் தாண்டிவிட்டான். மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டத்தைக் காட்டி என்ன எண் என்று கேட்டார்கள். “21” என்றான். அதில் இருந்தது 74. தன் கண் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரிப்பதில்லை என்பது அன்றுவரை அவனுக்கே தெரியாது. வேலை கைநழுவிப் போயிற்று.

அந்த அட்டை, ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனையைச் சேர்ந்தது. நிறம் காண நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவற்றில் இரண்டு வகைகள் சிவப்பு, பச்சைப் பக்கத்து ஒளியை உணர்பவை. ஒன்று இல்லாமலோ மாறியோ பிறந்தால் அந்த நிறங்கள் குழம்பும். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறை பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது.

சாலை சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று இடத்தை வைத்தே சமாளித்துவிடலாம். இரவில் ரயில் எஞ்சினிலிருந்து பார்க்கும்போது கம்பமும் தெரியாது, பெட்டியும் தெரியாது. இருட்டில் ஒரு புள்ளி வெளிச்சம், அவ்வளவுதான். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 30 மீட்டர். பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் வேண்டும். 1875இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். நிறக்குறைதான் காரணமாக இருக்கும் என்று வாதிட்டு, ஊழியர்களுக்கு நிறச் சோதனையைக் கொண்டுவர வைத்தார் ஹோம்கிரன் என்ற உடலியல் அறிஞர். அந்த விபத்தின் காரணத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகித்தாலும், சோதனை நிலைத்துவிட்டது. அது நிலைத்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

கண் தேறினால் மட்டும் போதாது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று அறிய, மாக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் ஒவ்வொரு படியாகச் சீராக நகரும், எப்போதாவது ஒருமுறை இரண்டு படி சேர்த்துத் தாவும். தாவலைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்தது. சோம்பேறித்தனம் அதற்குக் காரணமல்ல, மூளையின் இயல்பே அதுதான். அதனால்தான் எஞ்சினில் விழிப்புக் கருவி வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் ஓட்டுநரிடமிருந்து எந்த அசைவும் இல்லையென்றால் விளக்கு எரியும், பிறகு ஒலி எழும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாகப் பிடிக்கும்.

உளத்திறன் தேர்வைப் பற்றிப் புலம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. “செங்கல் எண்ணுவதற்கும் ரயில் ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?” என்பார்கள். அடுக்கிய செங்கற்களில் ஒன்றைக் காட்டி, அதை எத்தனை செங்கற்கள் தொடுகின்றன என்று கேட்கும் பகுதி அது. தட்டையான படத்தில் ஆழத்தை எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறீர்கள் என்பதை அளக்கிறது. நினைவு, அறிவுறுத்தலைப் பின்பற்றுதல், ஒருமுகக் கவனம், புலன் வேகம் என்று இன்னும் நான்கு பகுதிகள். சராசரியை 50 என்று வைக்கும் அளவுகோலில் ஒவ்வொன்றிலும் 42 எடுக்க வேண்டும். நினைவில் 70 எடுத்தவர் ஆழத்தில் 40 எடுத்தால் தேறமாட்டார். அதில் நியாயம் இருக்கிறது. நல்ல நினைவாற்றலைக் கொண்டு தூரத்தைக் கணிக்க முடியாது.

வேலைக்கு வேண்டிய மனத்திறனை இப்படிச் சோதிக்கும் வழிக்கு முன்னோடி ஹூகோ மூன்ஸ்டர்பர்க் என்ற உளவியலாளர். பாஸ்டன் டிராம் ஓட்டுநர்களைச் சோதிக்க, தெருவைப் போன்ற சிறு மாதிரி உதவாது என்று கண்டார். அதனால் அட்டையில் தண்டவாளத்தை வரைந்து, இருபுறமும் எண்களை இட்டார். 1 நடந்து போகிறவர், 2 குதிரை, 3 மோட்டார் வண்டி. கறுப்பு எண் தண்டவாளத்தை ஒட்டியே போகும். சிவப்பு எண் தண்டவாளத்தை நோக்கி வரும். எது குறுக்கே வந்து மாட்டும் என்று ஓட்டுநர் சட்டென்று சொல்ல வேண்டும். பார்வைக்கு அது டிராமே இல்லை. ஆனால் டிராம் ஓட்டும்போது மனம் செய்கிற வேலை அதில் அப்படியே இருந்தது. 1913இல் வந்த தன் நூலில் இதை விவரித்திருக்கிறார்.

மூன்று ஆண்டு உழைப்புக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் முன்னால், சில நிமிடக் கண் பரிசோதனையைச் செய்துகொள்ள யாரும் அந்தப் பையனிடம் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். அவனுடைய தம்பிக்கும் அதே குறை இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சென்ற மாதம் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அட்டையைப் பார்த்த உடனே “74” என்றான். இப்போது செங்கல் எண்ணிப் பழகிக்கொண்டிருக்கிறான்.