குருதி நிறுத்துக் கட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் முதலுதவிப் பயிற்சி எங்கே நடந்தாலும், கையில் திணிக்கப்படும் தமிழ்த் துண்டறிக்கையில் ‘இரத்த உறைவுக் கட்டு’ வந்துவிடுகிறது. காயத்தில் வைத்து அழுத்தினால் பெருகும் இரத்தத்தை நிறுத்த உதவும் கட்டுக்கு இப்படியொரு பெயர். இன்னொரு அறிக்கை அதையே ‘காய ஆடை’ என்கிறது. காயம் எப்போது ஆடை உடுத்தத் தொடங்கியதோ! ஆடையைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். உறைவை விட முடியாது.

ஆங்கிலத்தில் இது ‘ஹீமோஸ்டேடிக் டிரெஸ்ஸிங்’. வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஹீமோஸ்டேடிக்’ கிரேக்கச் சொல்: ‘ஹைமா’ குருதி, ‘ஸ்டாசிஸ்’ நிற்றல். ‘டிரெஸ்ஸிங்’ பிரெஞ்சு வழி வந்தது. சீர்செய்தல் என்பதே மூலப்பொருள், உடுத்துதல் பின்னால் ஒட்டிக்கொண்டது. தோட்ட மருந்தக உதவியாளரை நம் பெரியவர்கள் ‘டிரசர்’ என்றார்கள். ஆனால் அவர் செய்ததை ‘மருந்து கட்டினார்’ என்றார்கள். கையிலிருந்த அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் எட்டிப் பார்க்கவில்லை?

இரத்தம் நிற்பதே உறைவதால்தானே என்கிறது எதிர்க்கட்சி. பாதிதான் சரி. வெட்டுப்பட்டதும் இரத்தக்குழாய் சுருங்குகிறது; தட்டணுக்கள் திரண்டு அடைக்கின்றன; ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பின்னி அந்த அடைப்பை இறுக்குகின்றன. இழை பின்னும் அந்த உறைதல் இதில் ஒரு பங்கு மட்டுமே. கயோலின் என்ற வெண்களிமண் ஏற்றிய காஸ் துணி, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைதல் காரணிகளில் பன்னிரண்டாவதைத் தூண்டிவிடுகிறது; அதை உறைவுக் கட்டு என்றால் சண்டையில்லை. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் சிட்டோசான் போகும் வழி வேறு. தன் நேர்மின்னூட்டத்தால் எதிர்மின்னூட்டமுள்ள சிவப்பணுக்களை இழுத்து ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கிறது. உறைதல் காரணிகளைப் பெரிதும் நம்பியிருப்பதில்லை. இரண்டுக்கும் பொருந்தும் பெயர் ‘நிறுத்து’ ஒன்றுதான்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரத்தில் பால் ‘நின்றுவிட்டது’ என்பார்கள். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் கிடப்பது ‘உறைந்துவிட்டது’ என்பார்கள். இரண்டையும் குழப்பிய ஒருவரையும் நான் தோட்டத்தில் பார்த்ததில்லை. துண்டறிக்கை எழுதுகிறவர்கள்தாம் குழப்புகிறார்கள்.

இதைவிடப் பெரிய வம்பு வேறு. மருத்துவமனையில் ‘இரத்த உறைவு’ என்றாலே மக்கள் காதில் பக்கவாதமும் மாரடைப்பும்தான் விழும். உறையக் கூடாதென்று வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம் போய் ‘உறைவுக் கட்டு போடுகிறோம்’ என்றால் கையை இழுத்துக்கொள்ளமாட்டாரா? நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் சூட்டுவது மொழிப்பற்று அல்ல, சோம்பல். ‘குருதி நிறுத்துக் கட்டு’ என்று சொல்லுங்கள். எனக்குக் குருதி பிடிக்கும். ‘இரத்தம்’ என்றாலும் குடி முழுகிவிடாது. தனித்தமிழ்ச் சண்டையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அண்மையில் ‘இரத்தம் நிறுத்தும் மின்னணுக் கட்டு’ என்றொரு தொடரும் காதில் விழுகிறது. இரண்டு சாமான்களை ஒரே மூட்டையில் கட்டிய வேலை இது. 2023இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்த கட்டு, ஆறாத நீரிழிவுப் புண்ணுக்கானது. மின்தூண்டல் கொடுத்து, நீரிழிவுள்ள சுண்டெலிகளின் புண்ணை 30 விழுக்காடு வேகமாக ஆற்றியது. அதன் மாலிப்டினம் மின்முனை வேலை முடிந்தபின் உடலிலேயே கரைந்துபோகும். ஆற்றுவது ஒரு வேலை, நிறுத்துவது வேறு வேலை.

இதற்கு ‘மின்கட்டு’ என்று பெயர் வைத்தால் மின்வெட்டுக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ‘மின்மருந்துக்கட்டு’ என்கிறேன் நான். அங்கே மருந்தே மின்சாரம்தான். சற்று நீளம்தான், ஆனால் பொருள் சிதறாது. ‘மின்னணு’ அகராதிக்குச் சரியாக இருக்கலாம். புக்கிட் மேரா ஊரின் கதிரியக்கக் கழிவை மறக்காத பேராக்காரர்களிடம் ‘அணு’ என்று முடியும் ஒன்றைப் புண்ணில் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.