மனநோய்க்குச் சான்றிதழ், மருந்து, காப்பீடு: கவுன்டரில் ஏமாறாமல் இருக்க

ஒரு அம்மா தன் மகனை மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்குக் கூட்டி வந்திருந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வருடமாக மனச்சிதைவு நோய். டாக்டர் முன்னால் அழுக்காக நிற்கக்கூடாது என்று அன்று காலை அவனைக் குளிக்க வைத்து, முகம் மழித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டு விட்டிருந்தார். "தானா குளிப்பாரா?" என்று டாக்டர் கேட்டார். "குளிப்பான் சார்." "சாப்பாடு?" "நல்லா சாப்பிடுவான் சார்." பத்து நிமிடம்தான். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மூன்று நாள் கெஞ்சி, வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, சோப்பைக் கையில் திணித்தால்தான் அவன் குளிப்பான். அந்தப் பாதியை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டே வரி. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது; சிகிச்சையை அது உரிமை என்கிறது, சங்கிலியைத் தடை செய்கிறது. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இன்னும் அதைப் படிக்கவில்லை என்பதுதான் நம் பிரச்சினை.

முதலில் சான்றிதழ். மனநோயால் வரும் குறைபாட்டை நான்கு விஷயங்களில் அளக்கிறார்கள்: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. மொத்தம் 20. அதை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள், 40 சதவீதத்துக்குக் கீழே போனால் வெள்ளை நிற மாற்றுத்திறனாளி அட்டைதான் வரும். அதை வைத்துக்கொண்டு உதவித்தொகை கேட்க முடியாது.

அதனால் முகாமுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் தானாகக் குளித்தார்? மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையோடு வருவாரா? கடைசியாக எந்த வேலைக்குப் போனார், எத்தனை நாளில் நின்றார்? டாக்டர் கேட்டால் "செய்வான்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நான் பக்கத்தில் நின்றால் செய்வான், இல்லாவிட்டால் செய்ய மாட்டான்" என்று முழுசாகச் சொல்லுங்கள். மானம் போகிறது என்று மறைத்தால் போவது சதவீதம். மிகைப்படுத்தவும் வேண்டாம். உள்ளது போதும், பெரும்பாலும் அதுவே அதிகம்.

பழைய ஓ.பி. சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த அம்மாவிடம் கடைசி ஆறு மாதச் சீட்டுதான் இருந்தது, பன்னிரண்டு வருட நோய்க்குக் காகிதம் இல்லை. சீட்டு தொலைந்து போயிருந்தால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் மருத்துவப் பதிவைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். அதைப் பெற நோயாளிக்கு அந்த 2017 சட்டத்திலேயே உரிமை இருக்கிறது.

அடுத்த பொறி, பெயர். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. சட்டத்திலும் இரண்டும் தனித்தனி. ஆனால் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தருபவர் "மனசு சரியில்லாத பையன்தானே" என்று எதையாவது ஒன்றை டிக் அடித்துவிடுவார். அப்புறம் மாதங்கள் கழித்து "இந்தப் பிரிவுக்கு நீங்கள் வரமாட்டீர்கள்" என்று மனு திரும்பி வரும். ஆன்லைனில் பதியும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, பிரிவு என்ன என்று நீங்களே பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கட்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் முடிவுத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருகிறார்கள். தேதி முடிந்தது தெரியாமல், ஒரு மாதம் பணம் வராதபோதுதான் பலர் கவனிக்கிறார்கள். புதுப்பிக்கும் வேலையை அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள்.

அலைக்கழிப்பைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாயால் சொன்ன பதிலோடு திரும்பி வராமல் இருப்பது. "சார், இதையே மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். பாதிப் பேர் அப்போதுதான் விதியைத் தேடிப் பார்க்கிறார்கள். எழுத மறுத்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த முறை அந்த ரசீது எண்ணோடு போனால் உட்கார நாற்காலி கிடைக்கும். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

மருந்து. அரசு மருத்துவமனைகளில், சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் இலவசம். வறுமையில் இருப்பவரிடம் வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம்தான், சட்டமே அப்படிச் சொல்கிறது. "அட்டை கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவது தப்பு. "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோ" என்றால், இல்லை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் மாத்திரை நின்றாலே நோய் திரும்பும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே அடுத்த நடைக்குப் போங்கள். அவசரத்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.

மருத்துவமனையில் சேர்க்க போலீஸ் வேண்டும், கோர்ட் ஆர்டர் வேண்டும் என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நோயாளி தானே சம்மதித்தால் தானே சேரலாம். சம்மதிக்கும் நிலையில் இல்லை என்றால் அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது தனக்காக முடிவெடுக்க உதவ அவர் எழுதி வைத்தவர், மனுக் கொடுக்கலாம். இரண்டு பேர், அதில் ஒருவர் மனநல மருத்துவர், தனித்தனியே பார்த்துச் சரி என்றால் முதலில் 30 நாள் வரை சேர்ப்பார்கள். இந்தப் பிரதிநிதியை நோயாளி நன்றாக இருக்கும் நாட்களிலேயே எழுதி வைப்பது நல்லது. வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். முத்திரைத்தாள், நோட்டரி என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தனியார் இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று சான்றைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் பார்க்க விடாத இடத்தில் விடாதீர்கள். உள்ளே அடித்தாலோ, கட்டி வைத்தாலோ, வெளியே விட மறுத்தாலோ மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு: உடல்நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது இதே சட்டம். 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசிகளும் இதற்கு ஏற்ப மாற வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கெடுவே வைத்தது. ஆனால் பல பாலிசிகளில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம், மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதற்குக் கிடையாது. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். பாலிசி எடுக்கும்போது "மனநோயெல்லாம் போட வேண்டாம், ரிஜெக்ட் ஆகிடும்" என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள். மறைத்த அந்த ஒரு வரியைக் காட்டித்தான் பின்னால் பணத்தை மறுப்பார்கள்.

மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுதிப் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

வேறு வழக்குக்கு வக்கீல் தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் கொடுக்க வருமான வரம்பு கிடையாது. அங்கேயும் வருமானச் சான்று கேட்டால், எந்த விதியில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.