மாத்திரை முடிந்த பிறகு வரும் பேதி

ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிற்றால் போனால் அதற்கு 'மாத்திரை சூடு' என்று பெயர் வைத்துவிட்டு, மெடிக்கலில் இன்னொரு மாத்திரை வாங்கி அடைத்துவிடுகிற பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சமீபத்தில் வந்த ஓர் அம்மா எழுத வைத்துவிட்டார்.

அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. பல் பிடுங்கியபோது கொடுத்த கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டு முடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு தண்ணீராகப் போக ஆரம்பித்திருக்கிறது, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து. மகன் கடையில் கேட்டு, பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். போவது நின்றது, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த இரண்டு நாளில் வயிறு உப்பி, காய்ச்சல் ஏறி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிற நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 30,000-க்கு மேல். மலப் பரிசோதனையில் நச்சு பாசிட்டிவ். பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்குமோ என்று சர்ஜன் காலையும் மாலையும் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகாமல் தப்பித்தார்.

இதைச் செய்வது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்கிற பாக்டீரியா. நாங்கள் சி-டிஃப் என்போம். 1935-லேயே பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதன் நச்சுதான் காரணம் என்று தெரியவந்தது 1978-ல்.

சரி, இந்தச் 'சூடு' விஷயத்துக்கு வருவோம். மாத்திரை உங்கள் உடம்பைச் சூடாக்கவில்லை. பெருங்குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. ஆள் இல்லாத மனையில் வேலிக்காத்தான் முளைப்பது போல அந்த இடத்தில் சி-டிஃப் பெருகுகிறது, பெருகி ஏ, பி என்று இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது, அந்த நச்சு குடலின் உள்சுவரை அரிக்கிறது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் சுவர் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். இதை இளநீர் குளிர்ச்சியாக்குமா? வெந்தயம் ஆற்றுமா? மோர் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, நீர்ச்சத்துக்கு நல்லது. அது சிகிச்சை என்று நினைத்து நான்கு நாள் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள் என்கிறேன். "சூட்டு உடம்பு டாக்டர், எங்க பரம்பரையே அப்படி" என்று விளக்கம் வேறு. பரம்பரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எல்லா ஆன்டிபயாடிக் பேதியும் சி-டிஃப் கிடையாது, பயந்துவிடாதீர்கள். பெரும்பாலானவை லேசாக வந்து, மாத்திரை முடிந்ததும் தானாக நின்றுவிடும். ஆனால் 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போய், கூடவே காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தால், அதுவும் வயதானவராகவோ அண்மையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவராகவோ இருந்தால், உடனே காட்டுங்கள். மாத்திரை முடித்து மூன்று மாதம் வரைகூட இது வரலாம். அதனால் "இப்ப எந்த மருந்தும் சாப்பிடலையே" என்று சொல்வதற்கு முன் பின்னோக்கி யோசித்து, பல் டாக்டர் கொடுத்தது, சளிக்குக் கடையில் நீங்களே வாங்கியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். காலி அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று நான் திட்டுவேன், வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு போட்டிருப்பதே சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்குத்தான்.

பேதியை நிறுத்தும் மாத்திரையை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள். நச்சு உள்ளேயே தங்கிவிடும், குடல் அசைவற்று வீங்கி ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். அப்புறம் அந்த 'கேஸ் மாத்திரை'. பேன்டோப்ரசோலை வருடக்கணக்கில் காலை காப்பிக்கு முன்னால் போட்டுக்கொள்கிறவர்களிடம் சி-டிஃப் அதிகம் காணப்படுகிறது. உங்களுக்கு அது இன்னும் தேவையா என்று ஒரு தடவை டாக்டரிடம் கேளுங்கள்.

சிகிச்சை உண்டு. சி-டிஃப்பைக் கொல்லும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகத் தர வேண்டும். நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குள் போதிய அளவு வந்து சேராது. பல இடங்களில் ஊசி மருந்துப் பொடியையே தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு "ஊசி போடத் தெரியாம குடிக்கக் குடுக்குறாங்க" என்று நர்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

வீட்டில் நோயாளி இருந்தால் சானிடைசரை ஓரமாக வையுங்கள். சி-டிஃப்பின் வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் அதன் வடிவம், ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கையிலிருந்து போய்விடும். கழிப்பறைக்கு பினாயில் போதாது, பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். அதோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும், அந்தக் கேஸும் எங்களிடம்தான் வருகிறது.

குணமானவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு சில வாரங்களில் மறுபடி வரும். மறுபடி தண்ணீராகப் போனால், மீதமிருக்கும் பழைய அட்டையைத் தேடாமல் நேரே வாருங்கள். நல்லபடியாக இருந்தால் "பாக்டீரியா போயிடுச்சான்னு ஒரு டெஸ்ட்" என்று லேபுக்குப் போக வேண்டாம். தேறிய பிறகும் பல வாரங்கள் பாசிட்டிவ் காட்டும், அதற்கு மருந்து தேவையில்லை.