பச்சைப் பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டை

எல்வின் காட்டில் ஃபார்கோடீப் என்றொரு சுரங்கம். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய வீடியோ விளையாட்டில் மனித இனத்தோடு தொடங்குகிறவர்கள் ஏழெட்டு லெவலுக்குள் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்வார்கள். தலையில் மெழுகுவர்த்தி ஏற்றிய கோபோல்டுகள் என்ற எலி முக எதிரிகள் இருட்டுக்குள் நெருக்கமாக நிற்கும். இரும்பு வளையக் கவசமும் வாளுமாக ஒரு வாரியர், அதாவது போர்வீரர், உள்ளே போவார். ஒன்றை அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஓடி வரும். மூன்றாவதும் வந்துவிட்டால் அவர் கதை முடிந்தது. துணி அங்கி மட்டும் போட்ட மேஜ் என்ற மந்திரவாதியோ, எட்டாம் லெவலில் கிடைக்கும் மந்திரத்தால் இரண்டாவது கோபோல்டை ஆடாக மாற்றி நிறுத்திவிட்டு முதலாவதைச் சாவகாசமாக முடிப்பார். பார்வைக்குப் பலசாலியாக இருப்பவர்தான் முதலில் சாகிறார். இது ஏன் என்று புரிந்துவிட்டால், முதல் கிளாஸை, அதாவது எந்த வகைப் பாத்திரமாக விளையாடுவது என்பதை, தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

2004 நவம்பர் 23 அன்று வெளியானபோது இந்த விளையாட்டில் ஒன்பது கிளாஸ்கள். அந்தப் பழைய வடிவத்தை 2019 ஆகஸ்டில் ‘கிளாசிக்’ என்ற பெயரில் பிளிசார்ட் நிறுவனம் திரும்பக் கொண்டுவந்தது. இங்கே நான் சொல்வதெல்லாம் அந்த வடிவத்துக்குத்தான். அதில் பாத்திரத்தின் திறமையைக் கூட்டும் டேலன்ட் புள்ளிகளைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டால் காசு கட்டி மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவை 1 பொற்காசு, போகப்போக ஏறி 50-இல் நின்றுவிடும். கிளாஸை மட்டும் மாற்றவே முடியாது. 60-ஆம் லெவல் வரை அதோடுதான் குடித்தனம்.

திரையின் இடது மூலையில் உங்கள் பாத்திரத்தின் முகம் இருக்கும். பக்கத்தில் பச்சையாக உயிர்ப் பட்டை. புதிதாக வருகிறவர்களின் கண் அதிலேயே இருக்கும். ஒரு கிளாஸின் குணத்தைச் சொல்வது அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது பட்டை. மஞ்சள் என்றால் எனர்ஜி, நீலம் என்றால் மானா, சிவப்பு என்றால் ரேஜ்.

எனர்ஜி ரோக்குக்கு, அதாவது பதுங்கித் தாக்கும் கத்திக்காரருக்கு, உரியது. மொத்தம் 100. சண்டை நடந்தாலும் நடக்காவிட்டாலும் 2 நொடிக்கு 20 வீதம் நிரம்பிக்கொண்டே இருக்கும். அவர் அடிக்கடி போடும் அடிக்கு 45 செலவாகும். வரவும் செலவும் எப்போதும் ஒரே கணக்கு.

மானா தொட்டித் தண்ணீர் மாதிரி. தொடங்கும்போது நிறைந்திருக்கும், மந்திரம் போடப் போடக் குறையும். மானாவைச் செலவழித்தால் அடுத்த 5 நொடிக்கு இயல்பான ஊறல் நின்றுவிடும். அதாவது, மந்திரத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருக்கும் வரை தொட்டி வற்ற மட்டுமே செய்யும். இரண்டு மூன்று சண்டைக்கு ஒருமுறை உட்கார்ந்து தண்ணீர் குடித்தாக வேண்டும். விளையாட்டின் முதல் தண்ணீர் 18 நொடியில் 151 மானா தரும். மேஜுக்குத் தண்ணீர் வாங்கும் செலவும் இல்லை, நாலாம் லெவலிலேயே தண்ணீரை வரவழைக்கக் கற்றுக்கொள்வார்.

வாரியரின் ரேஜ் நேர்மாறு. தொட்டி காலியாகத் தொடங்கும். அடித்தால் நிரம்பும், அடி வாங்கினாலும் நிரம்பும், சண்டை நின்றால் வடிந்துபோகும். எவ்வளவு நிரம்பும் என்பது அடியின் கனத்தைப் பொறுத்தது. வாரியரின் கஷ்டம் முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது. கையில் மட்டமான வாள் இருந்தால் அடி சிறிது. அடி சிறியதானால் ரேஜ் குறைவு. ரேஜ் இல்லாமல் பெரிய அடி போட முடியாது, ஆகவே எதிரி அதிக நேரம் உயிரோடு நின்று உங்களை அடிக்கிறது. வீச்சு குறி தவறினால் ரேஜே கிடையாது. எதிரியின் லெவல் உங்களைவிட ஏற ஏறத் தவறும் வாய்ப்பும் ஏறும். பொறியியலில் இதை நேர்ப் பின்னூட்டம் என்பார்கள்: விளைவு திரும்பி வந்து காரணத்தையே பெரிதாக்குவது. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வீல் என்று அலறுவதும் இதே சுழற்சிதான். மேஜின் நெருப்புப் பந்து இதில் சிக்குவதில்லை. தொடக்க லெவல்களில் அதன் வலு அவர் கற்ற மந்திரத்தின் படிநிலையில் இருக்கிறது, கையில் இருக்கும் கோலில் இல்லை.

அதே சுழற்சி மேல்நோக்கியும் ஓடும் என்பதுதான் எனக்கு இந்த வடிவமைப்பில் மிகப் பிடித்த விஷயம். நல்ல ஆயுதம் கிடைத்த வாரியருக்கு அடி பெரிது, ரேஜ் அதிகம், இன்னும் பெரிய அடி. 60-ஆம் லெவலில், 40 பேர் சேர்ந்து போகும் ரெய்டுகளில், யார் எவ்வளவு அடித்தார் என்ற டேமேஜ் பட்டியலின் உச்சியில் வாரியர்கள் நிற்பது இதனால்தான். ஃபார்கோடீப்பில் செத்தவரும் அங்கே உச்சியில் நிற்பவரும் ஒரே கிளாஸ்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் எதிரியை 20 நொடியில் கொன்று, அடுத்த 20 நொடி உயிரை ஏற்ற உட்கார்ந்து ரொட்டி தின்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்குக் கொல்ல 30 நொடி ஆகிறது, ஆனால் ஓய்வே தேவையில்லை. நிமிடத்துக்கு முதலாமவர் ஒன்றரை எதிரி, இரண்டாமவர் இரண்டு. வேகமாக அடிப்பவர் முந்தவில்லை, உட்காராதவர் முந்துகிறார். ஹன்டர் என்ற வேட்டைக்காரர் முந்துவது இப்படித்தான்.

ஹன்டருக்குப் பத்தாம் லெவலில் ஒரு மிருகத்தைப் பழக்கக் கற்றுத் தருகிறார்கள். அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், எதிரி யாரை அடிப்பது என்று முடிவெடுக்க உள்ளே ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொருவர் பேரிலும் வெறுப்பைப் புள்ளியாக எழுதிவைக்கும். விளையாடுபவர்கள் இதை த்ரெட் என்பார்கள். ஒரு புள்ளி அடிக்கு ஒரு புள்ளி வெறுப்பு. குணப்படுத்தினால் அதில் பாதி. எதிரி உங்கள் பக்கம் திரும்ப வேண்டுமென்றால், உங்கள் புள்ளி இப்போது அடி வாங்குபவரின் புள்ளியில், நீங்கள் அருகில் நின்றால் 110 விழுக்காட்டையும், தூரத்தில் நின்றால் 130 விழுக்காட்டையும் தாண்டியிருக்க வேண்டும். மிருகம் உறுமி வெறுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஹன்டர் தூரத்தில் நின்று அம்பு விடுகிறார், அந்த 30 விழுக்காட்டு இடைவெளிக்குள். அடி வாங்குவது மிருகம், ஆகவே அவர் பெரும்பாலும் உட்கார வேண்டியதில்லை. பூதங்களை ஏவும் மந்திரவாதியான வார்லாக்குக்கும் பத்தாம் லெவலில் வாய்ட்வாக்கர் என்ற நிழலுருவம் இதே வேலைக்கு வருகிறது. ஹன்டருக்குத் தொல்லை இல்லாமல் இல்லை: அம்பு வாங்க வேண்டும், மிருகத்துக்குச் சோறு போட வேண்டும், எதிரி மிகவும் கிட்டே வந்துவிட்டால் அம்பு விட முடியாது.

கூட்டாளிகள் ஏற்கெனவே இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். தனியாகத் திணறும் வாரியருக்குப் பின்னால் குணப்படுத்தும் பூசாரியான ஒரு பிரீஸ்ட் நின்றாலே போதும், வாங்கும் ஒவ்வொரு அடியும் ரேஜாகிறது, உயிர் குறைவதில்லை. அடி தாங்க ஒருவர், குணப்படுத்த ஒருவர் இல்லாமல், குழுவாகப் போகும் டஞ்சன் என்ற எதிரிக் கோட்டைக்குள் போக முடியாது என்பதால் அந்த இரண்டு வேலையும் செய்பவர்களுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். இந்தப் பிரிவினை பழையது. 1974-இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டிலேயே போர்வீரர், மந்திரவாதி, பூசாரி என்ற மூன்று கிளாஸ்கள்தான் இருந்தன.

ஆகவே, தனியாக, வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடப்போகிறவருக்கு ஹன்டர். மந்திரத்தில் ஆசை என்றால் வார்லாக், அல்லது மேஜ். நண்பர்களோடு வருகிறவர் வாரியரையோ பிரீஸ்டையோ தைரியமாக எடுக்கலாம். உருவம் பிடிக்கவில்லை என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் நீங்கள் பார்க்கப்போவது அந்த முதுகைத்தான்.

ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம். ஐந்தாம் லெவலில் ஒரு கிளாஸைத் தீர்மானிக்காதீர்கள். ஹன்டருக்கு மிருகம், மிருகமாக உருமாறும் ட்ரூயிடுக்குக் கரடி உருவம், வாரியருக்குத் தற்காப்பு நிலை, ரோக்குக்கு இரண்டு கையிலும் கத்தி, மேஜுக்கு எதிரியின் காலை உறைய வைக்கும் பனி வளையம் எல்லாம் பத்தில்தான் வருகின்றன. பன்னிரண்டு வரை போய்விட்டு, அதே சுரங்கத்துக்குத் திரும்பி நடந்து பாருங்கள்.