மூச்சு யாருக்குச் சொந்தம்?

சுமோ மல்யுத்தத்தில் ஆட்டம் தொடங்க விசிலோ மணியோ அடிப்பதில்லை. நடுவர் பக்கத்தில் நின்றாலும் பாயும் நொடியை முடிவு செய்வது மல்லர்கள்தான். குந்தி, ஒருவரையொருவர் முறைத்து, இருவர் கையும் தரையில் பட்டதும் மோதுகிறார்கள். ஒருவர் முந்திக்கொண்டால் 'மத்தா', மறுபடி முதலிலிருந்து. 1928-ல் வானொலி ஒலிபரப்பு வரும்வரை இந்தக் காத்திருப்புக்குக் காலவரம்பே இல்லை. அப்போது விதித்த பத்து நிமிடம், உயர்பிரிவில் இன்று நான்காகச் சுருங்கியிருக்கிறது.

அந்த நொடி எப்படிப் பிடிபடுகிறது என்றால், மூச்சு சேர வேண்டும் என்பார்கள். 'இகி கா அவு', அதாவது மூச்சு ஒத்துப்போவது, ஜப்பானிய மொழியில் நல்ல கூட்டாளிகளுக்குக் கிடைக்கும் பாராட்டு. அதற்கும் ஒருபடி மேலே 'ஆ-உன் நோ கொக்யூ': வாய் திறக்காமலே புரிந்து நடப்பது. பௌத்தத்தோடு போன சமஸ்கிருத 'அ', 'ஹூம்' ஒலிகள்தான் இந்த ஆவும் உன்னும். நாரா நகரின் தோதாய்ஜி கோயில் வாசலில் 1203-ல் செதுக்கிய மரக் காவலர்கள் இருவர், எட்டு மீட்டருக்கு மேல் உயரம். ஒருவர் 'ஆ' என்று வாய் பிளந்திருக்கிறார், மற்றவர் 'உன்' என்று உதட்டை இறுக்கியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் மூச்சு அவரவர் கைக்காசு. பேசிப் பயனில்லை என்றால் அதை மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். பேரழகைக் கண்டால் அது பறிபோகும். ஜப்பானியரோ அங்கே மூச்சை விழுங்குகிறார்கள். ஆங்கிலத்தில் அடுத்தவர் மூச்சு நம் பிடரியில் பட்டால் மேலதிகாரி குடைகிறார் என்று பொருள். சதி செய்வதைக் குறிக்கும் 'கான்ஸ்பயர்' என்ற சொல்லுக்கே லத்தீன் மூலத்தில் 'சேர்ந்து மூச்சுவிடுதல்' என்றுதான் அர்த்தம்!

இத்தனை மரபுத்தொடர்களுக்கும் மூச்சு இடம் கொடுப்பதற்கு உடலில் காரணம் இருக்கிறது. இதயத்தை நினைத்தபடி நிறுத்த முடியாது. மூச்சை மூளைத்தண்டு தானாக நடத்தினாலும், பேசவும் பாடவும் நாம் அதைக் கையிலெடுக்கலாம். இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். அதனால்தான் சேர்ந்து பாடுகிறவர்களின் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குவதை 2013-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆகவே, மரபுத்தொடரை வைத்து ஆங்கிலேயருக்கு மூச்சு சேராது என்று முடிவுகட்டுவது அபத்தம். இசை நடத்துநர் இல்லாத நால்வர் தந்திவாத்தியக் குழுக்கள் ஐரோப்பா முழுக்க மூக்கால் இழுக்கும் மூச்சையே தொடக்கச் சைகையாக வைத்திருக்கின்றன. சில ஒலிப்பதிவுகளில் அது எரிச்சலூட்டும் அளவுக்குக் கேட்கும்.